பட்டறை பதில்கள்: தொட்டால் பாயும் ஆக்ஸிலரேட்டர்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே புகாரைத்தான் வெவ்வேறு கையெழுத்தில் சொல்கின்றன: காலை வைத்தவுடன் வண்டி பாய்கிறது. ஆகவே இந்த முறை பக்கங்கள் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன். பிரேக் கிரீச்சிடுவது பற்றி எழுதிய சேலம் அன்பர் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி (வாசகர், திருப்பூர்): எங்களுடையது 2008 மாடல் சிறிய பெட்ரோல் கார். கேபிள் ஆக்ஸிலரேட்டர். சில மாதங்களாக, நின்ற இடத்திலிருந்து வண்டியை எடுக்கும்போது முதலில் ஒன்றும் நடப்பதில்லை. இன்னும் சற்று மிதித்தால் ஒரேயடியாகப் பாய்கிறது. வீட்டுக் காம்பவுண்டுக்குள் நிறுத்துவதற்குள் வியர்த்துவிடுகிறது. சர்வீஸ் சென்டரில் த்ராட்டில் பாடியையே மாற்ற வேண்டும் என்று ஐந்திலக்கத் தொகை கேட்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரையாவது வேண்டாம்.

உங்கள் கடிதத்திலேயே நோய் எழுதியிருக்கிறது. 'முதலில் ஒன்றும் நடப்பதில்லை, பிறகு ஒரேயடியாக' என்று ஒருவர் சொன்னால், ஆக்ஸிலரேட்டர் கூர்மையாகிவிட்டது என்று பொருளில்லை. எங்கோ ஒட்டிக்கொண்டு, பிறகு விடுபடுகிறது என்று பொருள். இரண்டையும் கால் ஒரே மாதிரிதான் உணரும். வைத்தியம் மட்டும் வேறு வேறு.

பெட்ரோல் வண்டியில் நாம் மிதிப்பது பெட்ரோலை அல்ல, காற்றை. காற்றுக் குழாயின் வழியில், த்ராட்டில் பாடி என்ற கூட்டுக்குள், வட்டமான ஒரு தகடு இருக்கிறது. மிதித்தால் அது திரும்பி வழிவிடும். எவ்வளவு காற்று போகிறது என்று பார்த்து, அதற்கேற்ற பெட்ரோலை வண்டியின் கம்ப்யூட்டர் தெளிக்கிறது. காலை எடுத்திருக்கும்போது அந்தத் தகடு குழாயின் சுவரோடு ஏறக்குறைய ஒட்டி நிற்கும், இடைவெளி மயிரிழைதான். இன்ஜினின் அடிவயிற்றிலிருந்து எண்ணெய் கலந்த ஆவி ஒரு ரப்பர் குழாய் வழியாக இந்தக் காற்றுப் பாதைக்கே திரும்பி வருகிறது. அதை வெளியே விட்டால் ஊர்க்காற்று கெடும் என்பதால் செய்த ஏற்பாடு. அந்த ஆவியும் தூசியும் சேர்ந்து தகட்டின் விளிம்பில் கறுப்புப் பிசினாகப் படிகின்றன. மழைக்காலத்தில் ஊறிப் பருத்த மரக்கதவு நினைவிருக்கிறதா? மெல்லத் தள்ளினால் அசையாது; சற்று அழுத்தினால் படீரென்று திறந்துகொண்டு தள்ளியவரையும் உள்ளே இழுத்துவிடும். உங்கள் காலுக்கு நடப்பது அதுதான்.

இதை உறுதி செய்ய ஒரு பைசா செலவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டுப் பானெட்டைத் திறவுங்கள். ஆக்ஸிலரேட்டர் கேபிள் போய்ச் சேரும் இடத்தில், அது சுற்றிக்கொள்ளும் சிறிய சக்கரம் ஒன்று தெரியும். அதை விரலால், மிக மிக மெதுவாகத் திருப்புங்கள். காலைவிடக் கைக்கு உணர்வு அதிகம்; எனவேதான் பெடலை விட்டுவிட்டு இங்கே வரச் சொல்கிறேன். புறப்படும் இடத்தில் 'டக்' என்று ஒரு விடுபடல் தெரிந்தால் பிசின்தான். தெரியாவிட்டால், கேபிளின் முனையைச் சக்கரத்திலிருந்து கழற்றி, கேபிளை மட்டும் இழுத்துப் பாருங்கள். கேபிள் சொரசொரத்தாலோ, ஓரிடத்தில் இடறினாலோ குற்றவாளி கேபிள். தகட்டையும் கேபிளையும் இப்படிப் பிரித்துப் பார்க்காமல் 'மாற்ற வேண்டும்' என்று சொல்பவர் மெக்கானிக் அல்லர், விற்பனையாளர்.

பிசின் என்றால் சுத்தம் செய்வது அரைநாள் வேலைகூட இல்லை. காற்றுக் குழாயின் கிளிப்பைத் தளர்த்தி, குழாயை விலக்கி, டார்ச் அடித்துப் பாருங்கள். தகடு உட்காரும் இடத்தில், சுவரைச் சுற்றி மை பூசியதுபோலக் கறுப்பு வளையம் தெரியும். விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். த்ராட்டில் பாடி கிளீனர் என்று கேட்டு வாங்கிய ஸ்ப்ரேயைப் பருத்தித் துணியில் அடித்து, தகட்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, விளிம்பையும் சுவரையும் துடையுங்கள். தகட்டின் பின்பக்கத்தை, அதாவது இன்ஜின் பக்கத்தை மறந்துவிடாதீர்கள். அழுக்கு அதிகம் அங்கேதான். தகட்டின் அச்சு சுவருக்குள் நுழையும் இரண்டு முனைகளிலும் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்க்க வேண்டும். துணி கறுப்பாக வருவது நின்றால் வேலை முடிந்தது.

செய்யக் கூடாதவை இரண்டு. உப்புத்தாளோ ஸ்க்ரூடிரைவரோ அங்கே நுழையக் கூடாது. சில வண்டிகளில் அந்தச் சுவரில் மெல்லிய பூச்சு ஒன்று தொழிற்சாலையிலேயே கொடுத்திருப்பார்கள். அது அழுக்கு அல்ல. கடுமையான கார்புரேட்டர் கிளீனர் அதையும் அரித்துவிடும். இரண்டாவது, தகடு முழுதாக மூடிவிடாமல் தாங்கி நிற்கும் சிறிய ஸ்டாப்பர் திருகு. பெரும்பாலும் அதன் தலையில் ஒரு சொட்டுப் பெயின்ட் வைத்திருப்பார்கள். 'தொடாதே' என்பதற்கு அதைவிடத் தெளிவாக எப்படி எழுதுவது? என்றாலும் கை சும்மா இருக்காதவர்கள் அதைத்தான் முதலில் திருகுகிறார்கள். பிறகு ஐட்லிங், அதாவது இன்ஜின் நின்றபடி ஓடும் வேகம், ஏறி இறங்கி, அதற்கு இன்னொரு செலவு.

கேபிளில் குறை என்றால் புதிய கேபிள் போடுங்கள், விலை அதிகமில்லை. பழையதில் எண்ணெய் ஊற்றாதீர்கள். உள்ளே நைலான் உறை போட்ட கேபிள்கள் எண்ணெய் கேட்பதில்லை. ஊற்றினால் தூசியைக் கூட்டி வைத்துக்கொள்ளும். புதிய கேபிளைப் போட்டபின், காலை எடுத்த நிலையில் கேபிளை விரலால் அமுக்கினால் சில மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். அந்தத் தளர்வே இல்லாமல் விறைப்பாக நட்டை முறுக்கிவிட்டால், தகடு எப்போதும் சிறிது திறந்தே நிற்கும். அப்போது நிஜமாகவே தொட்டால் பாயும்.

கேள்வி (வாசகி, ஈரோடு): த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து வாங்கிய அன்றிலிருந்து சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் அலறுகிறது. முள் 1,500ஐத் தாண்டி நிற்கிறது. சுத்தம் செய்ததால் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை சகோதரி. கம்ப்யூட்டர் பழைய நினைப்பில் இருக்கிறது.

அழுக்கு சேரச் சேர, அந்த மயிரிழை இடைவெளியில் போகும் காற்று குறையும். அதை ஈடுகட்டக் கம்ப்யூட்டர் சிறிது சிறிதாகத் திறப்பைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கும். அந்தக் கணக்கு அதன் நினைவில் பதிந்திருக்கும். இப்போது அழுக்கு போய்விட்டது, கணக்கு போகவில்லை. பெரும்பாலான பெட்ரோல் கார்கள் சூடான பிறகு நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்றுக்குள் நிற்க வேண்டும். ஏசி, விளக்கு எல்லாவற்றையும் அணைத்து, வண்டியை நின்றபடி ஓடவிடுங்கள்; ரேடியேட்டர் மின்விசிறி ஒருமுறை ஓடி நிற்கட்டும். பிறகு ஏசி போட்டுச் சற்று நேரம். அதன்பின் ஊருக்குள் ஒரு சுற்று. பல வண்டிகள் இதிலேயே பாடத்தைத் திருத்திக்கொள்ளும். சிலவற்றுக்கு, கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனர் கருவியில் 'மறுகற்றல்' கட்டளை கொடுக்க வேண்டியிருக்கும். கையேட்டில் முறை இருக்கும். சுத்தம் செய்தவர்களே செய்து கொடுத்திருக்க வேண்டிய வேலை இது.

இதற்கும் இறங்கவில்லையென்றால், கழற்றிய குழாயைச் சரியாக மாட்டினார்களா என்று பாருங்கள். பென்சில் தடிமன் உள்ள ஒரு ரப்பர் டியூபை மாட்ட மறந்தாலே போதும், கணக்கில் வராத காற்று உள்ளே போகும். இன்ஜின் ஓடும்போது காதைக் கொடுத்தால் 'ஸ்ஸ்' என்று கேட்கும்.

கேள்வி (வாசகர், மதுரை): புதிதாக வாங்கிய பெட்ரோல் கார். பழைய காரில் கால் போட்ட கணக்கில் இதில் போட்டால், முன்னால் போகிறவர் மேல் ஏறிவிடுவேன் போலிருக்கிறது. சர்வீஸில் 'எல்லாம் நார்மல்' என்று அனுப்பிவிட்டார்கள். கேபிளைத் தளர்த்தச் சொல்லலாமா?

பதில்: தளர்த்துவதற்குக் கேபிளே இல்லை. உங்கள் வண்டியில் பெடலுக்கும் தகட்டுக்கும் நடுவே கம்பி எதுவும் போகவில்லை. பெடலில் இரண்டு சென்சார்கள். அவை கால் எவ்வளவு இறங்கியது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கின்றன. தகட்டைத் திருப்புவது ஒரு சிறிய மோட்டார். பெடல் பத்தில் இரண்டு பங்கு இறங்கினால் தகடு எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை எழுதி வைத்தவர் வண்டியை வடிவமைத்த பொறியாளர். அவர் இரண்டு பங்குக்கு நான்கு பங்கு என்று எழுதியிருந்தால், நீங்கள் மெல்ல மிதித்தாலும் வண்டி துள்ளும். ஷோரூமிலிருந்து ஒரு தெரு சுற்றி வரும் சோதனை ஓட்டத்தில், அந்தத் துள்ளலைத்தான் வாங்குபவர் 'என்ன பிக்கப்!' என்று மெச்சுகிறார். வேண்டுமென்றே இப்படி எழுதுகிறார்கள் என்பது என் கணிப்பு. மெச்சியவரே ஒரு மாதம் கழித்து எனக்குக் கடிதம் எழுதுகிறார்.

ஆனால் பழி முழுவதையும் அந்தப் பொறியாளர் மேல் போடவும் முடியாது. இன்ஜினின் இயல்பே அப்படி. 1.2 லிட்டர் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் சிலிண்டர்கள் எல்லாம் ஒரு தடவை நிரம்பும். ஆகவே 1,000 சுற்றில், தொண்டைவரை குடித்தாலும் அது நிமிடத்துக்கு 600 லிட்டர் காற்றைத்தான் குடிக்க முடியும். 6,000 சுற்றில் 3,600 லிட்டர். தகடும் குழாயும் அந்த 3,600க்காகச் செய்யப்பட்டவை. மெதுவாக ஓடும்போது, தகடு சிறிது திறந்தாலே இன்ஜினால் முடிந்த அளவு காற்று உள்ளே போய்விடும். அதற்குமேல் மிதித்துப் பயனில்லை. முதல் கியரில் ஊர்ந்து போகும்போது உங்கள் பெடலின் மேல் கால்வாசிக்குள்ளேயே மொத்தச் சக்தியும் அடங்கியிருக்கிறது. போதாததற்கு முதல் கியர் அந்தச் சக்தியைப் பெருக்கியும் கொடுக்கிறது. பழைய கேபிள் வண்டிகளில் இதற்காகவே கேபிள் சுற்றிக்கொள்ளும் சக்கரத்தைச் சரியான வட்டமாகச் செய்யாமல், தொடக்கத்தில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் திறக்கும்படி கோணலாக வார்ப்பார்கள். உங்கள் பழைய கார் சாதுவாக இருந்ததற்கு அந்தக் கோணலும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது. ஈகோ என்று பொத்தான் இருந்தால் போட்டுவிடுங்கள். பல வண்டிகளில் அது பெடலின் தொடக்கத்தை மந்தமாக்கும். ஸ்போர்ட் பொத்தான் தெரியாமல் அமுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள், சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது. அடுத்து, ஊர்ந்து நகரும்போது ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே கிளட்சை மட்டும் மெல்ல விடுங்கள். இப்போதைய பெட்ரோல் வண்டிகளில் இன்ஜின் திணறத் தொடங்கியதும் கம்ப்யூட்டரே காற்றைச் சற்றுக் கூட்டி, அணைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும். வண்டி நகர ஆரம்பித்த பிறகு காலை வையுங்கள். சமதளத்தில் இது போதும். பாலம் ஏறும் இடத்தில் மட்டும் பழைய பழக்கப்படி மிதித்து எடுங்கள்.

கேள்வி (வாசகர், கரூர்): பத்து ஆண்டுகளைத் தாண்டிய கார். இரண்டாவது கியரில் மெதுவாகப் போகும்போது முன்னும் பின்னுமாகக் குதித்துக்கொண்டே போகிறது. கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. த்ராட்டில் பாடி சுத்தம் செய்தாயிற்று, கேபிளும் மாற்றியாயிற்று. பலனில்லை.

பதில்: கிளட்சை மிதித்தால் நிற்கிறது என்று எழுதியதற்கு நன்றி. பாதி வேலையை முடித்துவிட்டீர்கள்.

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஆக்ஸிலரேட்டரை மெதுவாக மிதித்துப் பாருங்கள். சுற்று சீராக ஏறினால் தகடு, கேபிள், பெட்ரோல் மூன்றும் குற்றமற்றவை. குதிப்பு வேறெங்கோ பிறக்கிறது. எனக்கு உங்கள் இன்ஜின் மவுண்டிங் மேல்தான் சந்தேகம்.

இன்ஜின் சட்டத்தில் நேராக முடுக்கப்பட்டிருக்கவில்லை. ரப்பர் மவுண்டிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வெயிலும் எண்ணெயும் பட்டுப்பட்டு அந்த ரப்பர் வெடித்துவிட்டால், நீங்கள் மிதித்தவுடன் இன்ஜினே ஒரு பக்கம் சாயும். கேபிள் வண்டியில் இங்கேதான் வேடிக்கை. கேபிளின் ஒரு முனை பெடலில், அதாவது வண்டியின் உடற்கூட்டில், மறுமுனை இன்ஜினில். இன்ஜின் சாயும்போது அது கேபிளைத் தானே இழுத்துக்கொள்கிறது அல்லது தளர்த்திக்கொள்கிறது. உங்கள் கால் அசையவே இல்லை. ஆனால் தகடு திறந்து மூடுகிறது. திறந்தால் சாய்கிறது, சாய்ந்தால் மூடுகிறது, மூடினால் நிமிர்கிறது, நிமிர்ந்தால் மறுபடி திறக்கிறது. இந்தச் சுழற்சியைக் கிளட்ச்தான் அறுக்கும். கேபிளை மாற்றி என்ன பயன்?

சோதனைக்கு இருவர் வேண்டும். ஒருவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பிரேக்கையும் அழுத்திப் பிடித்தபடி, முதல் கியரில் கிளட்சைப் பாதி விடட்டும். பிறகு ரிவர்ஸில் அதேபோல. மற்றவர் பக்கவாட்டில் நின்று இன்ஜினைப் பார்க்க வேண்டும். வண்டிக்கு நேர் எதிரே எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது. சிறிது அசைவது இயல்பு. தூக்கிப் போட்டால் மவுண்டிங் போயிற்று. ஒன்றை மட்டும் மாற்றினால் புதியது மொத்தச் சுமையையும் தாங்கிச் சீக்கிரம் சாகும். கூட இருப்பவற்றையும் பார்த்து, தேய்ந்தவற்றைச் சேர்த்தே மாற்றுங்கள்.

மவுண்டிங் நன்றாக இருந்தால் ஆக்ஸில் ஜாயின்ட்டுகளில் தேய்மானம் பாருங்கள். காலை எடுக்கும்போதும் வைக்கும்போதும் 'டொக்' என்று ஒரு தட்டு கேட்டால் அதுதான்.

இதோடு சேர்த்து ஒன்று. நாமக்கல் வாசகர் ஒருவர், 2020க்குப் பிந்தைய பிஎஸ் 6 காரில், காலை முழுதாக எடுத்து மறுபடி வைக்கும்போது மட்டும் சிறிய உதறல் இருப்பதாக எழுதியிருக்கிறார். அது கோளாறு இல்லை. சுற்று அதிகமாக இருக்கும்போது காலை எடுத்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை முழுதாக நிறுத்திவிடும்; மறுபடி காலை வைத்ததும் திரும்பவும் தெளிக்கத் தொடங்கும். அந்தத் தொடக்கம்தான் உதறல். காலை முழுதாக எடுக்காமல் ஒட்டிக்கொண்டே ஓட்டிப் பாருங்கள், மறைந்துவிடும்.

கேள்வி (வாசகர், திண்டுக்கல்): டீசல் கார். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது கொண்டைஊசி வளைவுகளில் இழுவையே இல்லை; சிறிது நேரம் கழித்துத் திடீரென்று எகிறுகிறது. த்ராட்டில் கிளீனர் அடிக்கலாமா?

பதில்: அடித்தால் ஸ்ப்ரே தீரும், அவ்வளவுதான். டீசல் இன்ஜின் தன் சக்தியைக் காற்றை மறித்துக் கட்டுப்படுத்துவதில்லை. சில டீசல் வண்டிகளில் தகடு ஒன்று உண்டு. அதன் வேலை வேறு. நீங்கள் மிதிப்பது எவ்வளவு டீசல் தெளிப்பது என்பதைத்தான்.

எகிறுவது டர்போ. வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றி, காற்றை உள்ளே அழுத்தும் சக்கரம் அது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும். வளைவில் நீங்கள் வேகத்தைக் குறைத்து, இரண்டாவது கியரிலேயே 1,200 சுற்றுக்கு இறங்கிவிட்டால் புகை போதாது, டர்போ தூங்கிவிடும். நீங்கள் அழுத்தி மிதிக்கிறீர்கள்; அது விழிக்கும்போது உங்கள் கால் அடியில் இருக்கிறது. வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்து, சுற்றை இறங்கவிடாமல் ஏறுங்கள். முன்பு இல்லாமல் இப்போதுதான் இப்படி என்றால், டர்போவிலிருந்து போகும் ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா, கிளிப் ஓரத்தில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஏர் ஃபில்டரையும் பாருங்கள்.

கேள்வி (வாசகர், விழுப்புரம்): சென்னைக்கு வாரம் இருமுறை போய்வருகிறேன். சரியாக 70 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் வண்டி ஒரு கணம் விட்டுப் பிடிக்கிறது. 60லும் இல்லை, 85லும் இல்லை. பத்து ஆண்டுப் பழைய பெட்ரோல் கார். மூன்று மெக்கானிக்குகள் கைவிட்டுவிட்டார்கள்.

பதில்: உங்கள் கேள்வியை நான் மிகவும் ரசித்தேன். எப்போதும் 70லேயே போகிறவர்தானே நீங்கள்?

தகட்டின் அச்சு முனையில், அது எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சார் இருக்கிறது. பழைய வகையில் உள்ளே ஒரு கரித்தடம். அதன்மேல் சிறிய உலோக விரல் ஒன்று உரசிக்கொண்டே நகரும். ஐந்து வோல்ட் கொடுத்தால், மூடியிருக்கும்போது அரை வோல்ட் அளவும், முழுதாகத் திறந்தால் நாலரை வோல்ட் அளவும் திருப்பித் தரும். ஆண்டுக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓட்டினால் அந்த விரல் தடத்தின் ஒரே இடத்தில் நின்று அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த இடம் மட்டும் தேய்ந்துவிடும். அங்கே வரும்போது சிக்னல் ஒரு கணம் அறுபடும். காலை எடுத்துவிட்டார் என்று கம்ப்யூட்டர் நினைக்கும். உடனே திரும்ப வந்ததும், மிதித்துவிட்டார் என்று நினைக்கும்.

மல்ட்டிமீட்டரைச் சிக்னல் ஒயரில் வைத்து, இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, பெடலை மிக மெதுவாக அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வோல்ட் தடையில்லாமல் ஏற வேண்டும். இதற்கு நான் முள் வைத்த பழைய மீட்டரைத்தான் எடுப்பேன். டிஜிட்டல் மீட்டர் எண்ணை மாற்றுவதற்குள் அந்தக் கணநேரத் தடுமாற்றம் கடந்துபோய்விடும். முள் தன் உதறலை மறைக்காது. ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் கோட்டுப்படமாகப் பார்க்கலாம். பள்ளம் அதில் தெளிவாகத் தெரியும். 'செக் இன்ஜின்' விளக்கு எரியவில்லையே என்று அவர்கள் வாதிட்டால், அந்த விளக்கு எரிய வேண்டிய அளவுக்குக் கோளாறு இன்னும் முற்றவில்லை என்று சொல்லுங்கள். சென்சாரை மட்டும் தனியாக மாற்ற முடிகிற வண்டியாக இருந்தால் செலவு சிறியதுதான்.

கேள்வி (வாசகர், தஞ்சாவூர்): எனக்கு வயது எழுபத்தைந்து. அம்பாசிடரில் ஓட்டிப் பழகிய கால். மகன் வாங்கிக் கொடுத்த புதிய காரில் மேடுபள்ளம் வந்தால் வண்டி உதறிக்கொண்டு போகிறது. மகன் ஓட்டினால் உதறுவதில்லை. எனக்குத்தான் வயதாகிவிட்டதோ?

பதில்: ஐயா, வயதில் ஒன்றும் இல்லை. குதிகாலில் இருக்கிறது விஷயம்.

அம்பாசிடரின் பெடல் கனமானது. அதன்மேல் காலை வைத்து ஓய்வெடுக்கலாம். இப்போதைய பெடல் அப்படியில்லை. காலை அந்தரத்தில் வைத்து முழங்காலால் மிதித்தால், பள்ளத்தில் வண்டி தூக்கிப் போடும்போது காலும் ஆடும், பெடலும் ஆடும், இன்ஜின் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பதில் சொல்லும். குதிகாலைத் தரையில் ஊன்றி, கட்டைவிரல் அடிப்பகுதியால் மட்டும் அழுத்துங்கள். மேடுபள்ளத்தில் பாதத்தின் வலப்பக்கத்தை நடுத்தடுப்பின் மேல் சற்றுச் சாய்த்துக்கொள்ளலாம். இருக்கையை ஓரிரு பல் முன்னால் தள்ளிப் பாருங்கள். தடித்த செருப்பும், நழுவும் செருப்பும் கூடாது.

மகனிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர் இதைச் சொல்லித் தராததற்குக் காரணம், தான் அப்படிச் செய்வது அவருக்கே தெரியாது என்பதுதான்.

கேள்வி (வாசகி, நாகர்கோவில்): ஒருமுறை மிதித்த ஆக்ஸிலரேட்டர் மேலே வரவில்லை. எப்படியோ தப்பித்தேன். மறுபடி நடந்தால் என்ன செய்வது?

பதில்: முதலில் காரணம். காலடி விரிப்பைப் பாருங்கள். அழகாக இருக்கிறதென்று தடித்த ரப்பர் விரிப்பை, ஏற்கெனவே இருக்கும் விரிப்பின் மேலேயே போட்டு வைப்பது நம் வழக்கம். அது முன்னால் நழுவினால் பெடலின் நுனி அதில் மாட்டிக்கொள்ளும். 2009இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு லெக்சஸ் கார் இப்படித்தான் நிறுத்த முடியாமல் போய் நான்கு பேர் இறந்தார்கள். வேறு மாடலுக்கான விரிப்பு அதில் கிடந்தது. அதன் பிறகு டொயோட்டா லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. உங்கள் வண்டிக்கென்றே வெட்டிய விரிப்பு ஒன்று போதும். தரையில் உள்ள கொக்கியில் அது மாட்டியிருக்க வேண்டும். விரிப்பு சரியாக இருந்தால், கேபிள் நைந்திருக்கிறதா, திரும்பி இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று அன்றே பார்க்க வேண்டும். அடுத்த சர்வீஸ்வரை தள்ளிப்போடுகிற விஷயம் அல்ல இது.

ஓட்டத்தில் நடந்தால் உடனே நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். இன்ஜின் அலறும், அலறட்டும். பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள்; விட்டு விட்டு மிதிக்காதீர்கள். பெட்ரோல் வண்டியில் பிரேக்குக்குத் துணை செய்வது இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடம். தகடு திறந்து நிற்கும்போது அந்த வெற்றிடம் புதிதாகப் பிறக்காது. மிச்சமிருப்பது ஓரிரு மிதிக்குத்தான் வரும். விட்டு விட்டு மிதித்தால் அதைச் செலவழித்துவிட்டு, பிறகு கல்லை மிதிப்பீர்கள். வண்டி முழுதாக நிற்கும்வரை சாவியை உருவாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

கேள்வி (வாசகர், கோவை): பெடலோடு இணைக்கும் சிறிய பெட்டி ஒன்றை ஆன்லைனில் விற்கிறார்கள். போட்டால் பிக்கப் கூடும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: கூடாது. அந்தப் பெட்டி, பெடல் சென்சார் 'இரண்டு' என்று சொன்னால் கம்ப்யூட்டரிடம் 'நான்கு' என்று மாற்றிச் சொல்கிறது. நீங்களே நான்குக்கு மிதித்தால் இலவசம். அதன் ஒரே நியாயமான பயன் எதிர்த்திசையில்தான்: சிலவற்றில் மந்தமாக்கும் அமைப்பும் உண்டு. மதுரை வாசகருக்குக்கூட நான் அதைச் சொல்லவில்லை. உத்தரவாதம் இருக்கும் வண்டியில் பெடல் ஒயரை அறுத்து நடுவில் எதையும் சொருகாதீர்கள்.